பழைய போனவில் 650 ஹெட் கேஸ்கெட்: செம்பா, காம்போசிட்டா?

1963 முதல் வந்த, ஹெட்டில் ஒன்பது போல்ட் உள்ள ட்ரையம்ப் போனவில் 650 பைக் என்றால், ஹெட் கேஸ்கெட்டுக்கு (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே வரும் அடைப்புத் தகடு) என் ஓட்டு செம்புக்குத்தான். இந்த இன்ஜினில் ராக்கருக்கு (வால்வைத் திறக்கும் நெம்புகோல்) ஆயில் வெளிக்குழாய் வழியாகப் போகிறது, திரும்பி வருவது புஷ்ராட் (ராக்கரைத் தள்ளும் தண்டு) இருக்கும் குழாய்களில், அவற்றுக்குத் தனி ரப்பர் வளையம் உண்டு, அதனால் கேஸ்கெட் அடைக்க வேண்டியது சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தத்தை மட்டும்தான். அதைச் செம்பு அருமையாகச் செய்யும். ஒருமுறை அழுந்தி இறுகிப் போனாலும் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும் (எஃகு மாதிரி கடினமாகாது), கருக்கைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பவும் போடலாம்.

காம்போசிட்டின் (பல பொருள்களைச் சேர்த்துச் செய்த கேஸ்கெட்) பலம் வேறு. ஹெட்டில் சின்னக் கீறல் இருந்தால் அது பொறுத்துக்கொள்ளும், செம்பு பொறுக்காது. ஆனால் ஒருமுறை கழற்றினால் குப்பைதான்.

எதைப் போட்டாலும் தடிமனைப் பாருங்கள், ரொம்ப முக்கியம். தடித்த கேஸ்கெட் கம்ப்ரஷனைக் குறைப்பதோடு புஷ்ராட் குழாயின் ரப்பர் வளையம் நசுங்கும் அளவையும் குறைத்துவிடும், அப்புறம் ஆயில் கசியும், பலரும் கேஸ்கெட்டைத் திட்டுவார்கள். மெல்லியதாக இருந்தாலோ வளையம் ஹெட்டை உட்காரவே விடாது.

போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக முறுக்குங்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு மறுபடி முறுக்கி, டேப்பெட் இடைவெளியையும் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி) சரிபாருங்கள்.