சங்கிலியா, வயர் ரோப்பா, திரெட் ராடா: தொங்கும் எல்இடி போர்டுக்கு எது தோது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடை. பன்னிரண்டடிக்கு மூன்றடி எல்இடி போர்டு கல்லாவுக்கு நேர் மேலே தொங்க வேண்டும். “சங்கிலி போட்டுடலாமாங்கண்ணா, கம்பி போடறதா?” என்றார் கடைக்காரர். போர்டு மாட்டுகிற எங்களிடம் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் பதில் சொல்லாமல் ஏணியைக் கொண்டுவரச் சொன்னேன். எதில் தொங்கவிடுவது என்பதை எதிலிருந்து தொங்குகிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

எடையைப் பாருங்கள். முன்பக்கம் 3 மி.மீ. அக்ரிலிக் மட்டும் 12 கிலோ. பின்பக்கம் ஏசிபி என்கிற அலுமினியப் பலகை, ஒரு இஞ்ச் டியூப் ஃபிரேம், எல்இடிக்குக் கரண்டை மாற்றித் தருகிற எஸ்எம்பிஎஸ் எல்லாம் சேர்ந்தால் 60 கிலோவைத் தொடும். ஒரு சிமெண்ட் மூட்டைக்கும் மேல். ஆனால் நீளம் முழுக்க மரை போட்ட 10 மி.மீ. திரெட் ராடு ஒன்றே டன் கணக்கில் இழுப்பைத் தாங்கும். அதனால் ராடு அறுந்து விழுந்த போர்டை நான் அதிகம் பார்த்ததில்லை. மேலே பிடி விட்டு விழுந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று நான் மாட்டியது.

அம்மாப்பேட்டையில் ஒரு பழைய கட்டடம், மெட்ராஸ் டெரஸ்: மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட தளம். டிரில் வெண்ணெயில் போவதுபோல் இறங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூன்றாம் மாதம் ஒரு மூலை பிடி விட்டு விழுந்து தொங்கியது. துளைக்குள் அடித்திருந்த ஆங்கர் போல்ட் கழன்று வந்திருந்தது; கையில் எடுத்தால் அதன் பல்லிலெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள், செங்கல் பொடி. விரலால் தட்டினால் உதிர்ந்தது. நல்ல வேளை, ராத்திரி விழுந்தது. அன்றிலிருந்து மெட்ராஸ் டெரஸில் ஆங்கர் அடிப்பதே இல்லை. தேக்கு உத்திரத்தைச் சுற்றி யூ கிளாம்ப், இல்லையென்றால் இரண்டு உத்திரத்துக்கும் குறுக்கே ஒரு சேனல்.

ஆர்சிசி, அதாவது கம்பி கட்டிய கான்கிரீட் தளம் என்றால் மூன்று வழி. விரிந்து பிடிக்கிற ஆங்கர் போல்ட் அன்றாட வேலைக்குப் போதும். ஆனால் பூச்சைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முக்கால் இஞ்ச் பூச்சு இருந்தால் அந்த முக்கால் இஞ்சுக்கும் கூடுதலாக நீளமான போல்ட் வாங்க வேண்டும். துளைத் தூளை ஊதி எடுக்காமல் அடித்தாலும் பிடிப்பு போய்விடும்.

இரண்டாவது, துளையில் பசை விட்டு ஒட்டுகிற கெமிக்கல் ஆங்கர். விற்பவர்கள் புகழ்வார்கள். சுவரில் நானும் போடுவேன், தலைக்கு மேலே போட மாட்டேன். நேர் கீழாக, வருஷக் கணக்கில் ஒரே எடை இழுத்துக்கொண்டிருந்தால் பசை மெல்ல மெல்ல நகரும். 2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் சுரங்கச் சாலையில் கூரைப் பலகை விழுந்து காரில் போன ஒரு பெண் இறந்தார். எபாக்சி பசை அப்படி நகர்ந்ததே காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். 2012 டிசம்பர் 2 அன்று ஜப்பானின் சசாகோ சுரங்கத்தில் 9 பேர் இறந்தார்கள். அங்கேயும் பிசின் வைத்து ஒட்டிய போல்ட்டுகள்தான். நம் போர்டு அவ்வளவு பெரிதில்லை, தலை அதே தலைதான்.

மூன்றாவது, தளத்தை முழுக்கத் துளைத்து மேலே தகடு வைத்து நட்டு போடுவது. இதைவிட உறுதி கிடையாது. மொட்டை மாடி நம் கையில் இருந்து, ஒழுகாமல் அடைக்கவும் தெரிந்தால் செய்யலாம். மேலே குடியிருப்பவரின் டைல்ஸைத் துளைக்க யார் விடுவார்கள்?

ஷெட் என்றால் கூரையைத் தாங்குகிற டிரஸ்ஸில் கம்பிகள் கூடுகிற இடத்தில் கிளாம்ப். கூரைத் தகட்டுக்கு அடியில் குறுக்கே ஓடுகிற பர்லின் வேண்டாம். ஃபால்ஸ் சீலிங் சேனலில் தொங்கவிடுகிற பேச்சே வேண்டாம்.

இனி சங்கிலிக் கேள்வி. சங்கிலி மலிவு, துரு ஏறினால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கடையில் கிடைப்பதில் பாதிக்கு வளைய வாய் வெல்டிங்கே இல்லாமல் இருக்கும், வெறுமனே வளைத்து விட்டிருப்பார்கள். மட்டம் பார்க்கும்போது ஒரு வளையம் ஏற்றினால் உயரம், இறக்கினால் தாழ்வு. முறுக்கிய கம்பிக் கயிறான வயர் ரோப் பார்வைக்கு மெல்லிசு, திருகி இறுக்குகிற டர்ன்பக்கிள் வைத்தால் மட்டம் துல்லியமாக நிற்கும். அதன் உயிர் கிளிப்பில் இருக்கிறது: அடிச்சட்டம் எடை தாங்கும் கம்பிப் பக்கம், யூ போல்ட் மடித்த வால் பக்கம். பையன்கள் பாதி நேரம் மாற்றித்தான் போடுவார்கள். பிளாஸ்டிக் உறை போட்டது வேண்டாம், உள்ளே துருப்பிடித்தால் வெளியே தெரியாது.

சங்கிலியோ ரோப்போ, மேலே இரண்டும் ஒரே கொக்கியில் கூடுகிற மாதிரி ‘வி’ போடாதீர்கள். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்தால் ஒவ்வொரு கம்பியும் போர்டின் முழு எடையைத் தாங்க வேண்டியிருக்கும். நேராகத் தொங்கினால் ஆளுக்குப் பாதி.

திரெட் ராடு ஆடாது, நட்டைத் திருகி மட்டம் வைக்கலாம். ஏசி போட்ட, கண்ணாடிக் கதவு வைத்த கடைக்கு என் ஓட்டு அதற்கே. ஷட்டர் திறந்தே கிடக்கிற கடை முகப்பில் மாட்டாதீர்கள். சித்திரை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றில் போர்டு ஆட ஆட, நட்டுக்கு ஒட்டிய மரையில் ராடு களைத்து ஒடியும். அங்கே ஆடினாலும் வளைந்து கொடுக்கிற வயர் ரோப்தான்.

ஏற்காடு தனிக் கதை. பனிமூட்டத்தில் துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பி வியர்த்துக்கொண்டே இருக்கும். அங்கே 304 ரக எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) தவிர வேறெதுவும் என் கையால் போட மாட்டேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் போர்டுக்குள் வைக்காமல், கை எட்டும் சுவரில் வைப்பேன். எஸ்எஸ் தயாரிக்கிற இரும்பாலை இருக்கிற சேலத்துக்காரனுக்கு எஸ்எஸ் பைத்தியம் என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

எது போட்டாலும் கரண்ட் வயரில் எடை ஏறக் கூடாது. ஃபிரேமுக்குத் தனி எர்த் வயர், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. சங்கிலியே எர்த் ஆகும் என்று சொல்கிற எலெக்ட்ரீஷியனை மாற்றுங்கள்.

கொலுசுக் கடைக்கு நான்கு ராடு போட்டேன். நான்கு இருந்தாலும் எடை சமமாகப் பிரியாது, இரண்டே முழு எடையையும் தாங்க வேண்டி வரலாம் என்றே கணக்கு வைத்தேன். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஆங்கரிலும் இரண்டு சிமெண்ட் மூட்டையைக் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டோம். அது போக, வேறு இரண்டு ஆங்கரிலிருந்து கொஞ்சம் தொய்வாக சேஃப்டி வயர். பிறகு போர்டைக் கல்லாவுக்கு இரண்டடி முன்னால் நகர்த்தச் சொன்னேன். வாஸ்து இடிக்கும் என்றார் கடைக்காரர். வாஸ்துக்காரரையே போர்டுக்குக் கீழே கல்லா நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள் என்றேன். போர்டு முன்னால் நகர்ந்தது.