ராமேசுவரமா, தேவிபட்டினமா?

ராமநாதபுரத்தில் வந்திறங்கி, ஒரு பகல் மட்டுமே கையிலிருப்பவர்களுக்கு எழும் தயக்கம் இது.

தலபுராணம்: ராமேசுவரத்தில் சீதை மணலால் பிடித்த ராமலிங்கமும், அனுமன் கயிலையிலிருந்து கொணர்ந்த விசுவலிங்கமும் உள்ளன, பிந்தி வந்த அனுமனின் மனம் நோகாதிருக்க இன்றும் விசுவலிங்கத்துக்கே முதல் பூசை. தேவிபட்டினத்தில், ராமர் நவக்கிரகங்களாக நட்டதாகச் சொல்லப்படும் ஒன்பது கற்கள் கடலுக்குள் நிற்கின்றன.

நீராடல்: ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகி, ஈரத்துணியோடு 22 தீர்த்தங்களுக்கும் நடந்து, வாளியால் இறைத்து ஊற்றும் நீரைத் தலையில் வாங்க வேண்டும், வழுக்கும் கல்தரை முதியவர்களுக்குச் சிரமம்தான். தேவிபட்டினத்தில் ஆழமற்ற கடலில் கற்களைச் சுற்றினால் போதும்.

தொலைவு: முன்னது சுமார் 55 கி.மீ.; பின்னது 15 கி.மீ.

கிரகப் பரிகாரம் மட்டுமே நோக்கமென்றால் தேவிபட்டினம் போதும். சிவதரிசனமும் தீர்த்தமாடலும் வேண்டுவோர், நண்பகலில் நடை சாத்துமுன் சேரும்படி விடியலிலேயே ராமேசுவரத்துக்குப் புறப்படுவது நல்லது.