டிவிடியா, பென் டிரைவா? நிறுவல் முகாம் நடத்தியவனின் கணக்கு

எங்கள் வீட்டுப் பரணில் நாற்பது டெபியன் (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) டிவிடிகள் கிடக்கின்றன. கணினிகளில் லினக்ஸை நிறுவித்தரும் முகாம் ஒன்றுக்காக இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியவை. அடுத்த முகாமுக்குப் பென் டிரைவுக்கு மாறிவிட்டேன். இனித் திரும்புவதாக இல்லை.

வேகமும் கொள்ளளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 டெஸ்க்டாப் நிறுவல் கோப்பு ஒற்றை அடுக்கு டிவிடியின் 4.7 ஜிபிக்குள் அடங்காது. புதிய மடிக்கணினிகளில் டிவிடி தட்டே இல்லை. உபுண்டு இலவசமாகத் தபாலில் குறுவட்டு அனுப்புவதை 2011இலேயே நிறுத்திவிட்டது. லினக்ஸ் போன்ற இன்னோர் இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியின் கடைசிக் குறுவட்டு 2016இல் வந்த 6.0 பதிப்பு.

என்னை மாற்றியது பராமரிப்புதான். எழுதிய டிவிடி எழுதியதுதான். டெபியனோ சில மாதங்களுக்கு ஒருமுறை திருத்த வெளியீடு தருகிறது. பழைய வட்டில் நிறுவிய மாணவர் வீட்டுக்குப் போனதும் நூற்றுக்கணக்கான எம்பியைத் தரவிறக்க வேண்டும். இணையம் சரியில்லாதவருக்காகத்தானே வட்டே கொடுத்தோம்! பிழை திருத்தம் அதைவிட முக்கியம். 2023 டிசம்பரில் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் உள்ள கோப்புகளைச் சிதைக்கக்கூடிய கெர்னல் (இயங்குதளத்தின் கரு) பிழை தெரியவந்ததும், டெபியன் 12.3இன் நிறுவல் கோப்புகளை நிறுத்திவைத்து 12.4ஐ வெளியிட்டார்கள். பென் டிரைவில் வென்டாய் (பல நிறுவல் கோப்புகளை ஒரே பென் டிரைவிலிருந்து இயக்க உதவும் மென்பொருள்) போட்டிருந்தால் இப்படிப்பட்ட நேரத்தில் பழைய ஐஎஸ்ஓவை, அதாவது நிறுவல் கோப்பை, அழித்துப் புதியதைப் போட்டால் போதும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா மூன்றும் ஒரே பென் டிரைவில் இருக்கும். வென்டாயின் மூல நிரலோடு ஆயத்த இருமக் கோப்புகளும் (மனிதர் படித்துச் சரிபார்க்க முடியாதவை) சேர்ந்திருப்பதைச் சிலர் குறை சொல்கிறார்கள். நியாயமான குறைதான். உறுத்தினால் ஒரு பென் டிரைவில் ஒரே ஐஎஸ்ஓவை டிடி என்ற நகலெடுக்கும் கட்டளையால் எழுதிக்கொள்ளலாம்.

டிவிடிக்கும் ஒரு பெருமை உண்டு: எழுதி மூடியபின் யாராலும் அதைத் திருத்த முடியாது. பென் டிரைவ் பத்து விண்டோஸ் கணினிகளில் புகுந்து திரும்பும்போது எதைச் சுமந்து வருமோ! அதனால் ஒவ்வொரு முகாமுக்கு முன்பும் கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். புதிதாக வாங்கியதை எஃப்3 என்ற, உண்மையான கொள்ளளவைக் காட்டும் மென்பொருள் கொண்டு சோதிக்காமல் பைக்குள் போடுவதில்லை. 64 ஜிபி என்று அச்சிட்ட போலிகளில் ஒருமுறை ஏமாந்தவன் நான்.

அலமாரியில் சும்மா கிடக்கும் பென் டிரைவ் பத்தாண்டு கழித்தும் படிக்குமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பென் டிரைவோடு என் அனுபவம் மூன்றே ஆண்டு. காப்பகத்தில் வைப்பதற்கென்றால் நல்ல டிவிடியைத் தள்ளிவிட மாட்டேன். விலையும் இடிக்கிறது: டிவிடியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம், பென் டிரைவை யாரிடம் கொடுத்தோம் என்று நோட்டில் குறித்துவைத்துத் திருப்பி வாங்க வேண்டும். என் நோட்டில் திரும்பாதவை இதுவரை ஆறு.