ஊராட்சிக்கு வந்த விளையாட்டுப் பையும் அதற்கு மேலுள்ள படிகளும்: ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டின் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்களை வழங்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கப்பட்டது. 33 வகைப் பொருள்கள் கொண்ட அந்தத் தொகுப்பு அதே ஆண்டில் எங்கள் ஊராட்சிக்கும் வந்து சேர்ந்தது. ஊர் இளைஞர் மன்றத்தின் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் அதைப் பிரித்த நாள் முதல் பயன்படுத்தி வருகிறேன். அந்த அனுபவத்தையும், கிராமத்துப் பிள்ளைகள் அங்கிருந்து மேலேறிச் செல்ல அரசு அமைத்திருக்கும் மற்ற படிகளையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

அதற்கு முன்பு எங்கள் ஊரில் வாலிபால் என்றால், ஆளுக்கு இருபது ரூபாய் வசூலித்து வாங்கிய ஒரு பந்தும், கிழிந்த இடங்களில் நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்ட மீன்வலையும்தான். காற்று இறங்கினால் சைக்கிள் கடைக்கு ஓட வேண்டும். கடை பூட்டியிருந்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. புதிய பந்துகளும் வலையும் வந்தபின் இரண்டு களங்களில் ஒரே நேரத்தில் ஆட முடிந்தது. அதைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. பையன்கள் வாலிபாலுக்கும் கிரிக்கெட்டுக்கும் போய்விட்டபின் பையில் மிச்சமிருந்த ஸ்கிப்பிங் கயிறுகளையும் பூப்பந்து மட்டைகளையும் கேட்டு, அதுவரை மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள் ஏழு பேர் ஒரு மாலை உள்ளே வந்தார்கள். வசூல் பணத்தில் பந்து வாங்கிய காலத்தில், பணம் போட்டவனுக்கே முதல் ஆட்டம் என்ற வழக்கம் இருந்தது. பொதுப் பொருள் என்று வந்தபின் அந்த வழக்கம் செல்லாமல் போனது.

குறை எங்கே என்றால், சாவியில். எங்கள் ஊரில் பையை ஊராட்சி அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அலுவலகம் மாலை ஐந்தரைக்கு மூடும். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து, புத்தகப் பையை வைத்துவிட்டு மைதானத்துக்கு வர ஐந்தே முக்கால் ஆகும். முதல் நான்கு மாதங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் யாராவது கேட்டு வாங்கினால் மட்டுமே பை வெளியே வந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் ஈரச் சுவரோடு சாய்ந்து கிடந்ததில் மட்டைப் பிடிகளில் பூஞ்சை பிடித்திருந்தது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பொருள் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான் பூட்டாக மாறியது. கடைசியில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எடுப்பவர் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்திடுவது என்று பேசி முடித்து, மைதானத்துக்கு எதிரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு சாவியைக் கொடுத்தோம். அன்றிலிருந்து ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. தேய்ந்த பந்துகளுக்கும் உதிர்ந்த இறகுப் பந்துகளுக்கும் மாற்று வாங்க மட்டும் இப்போதும் வசூல்தான்.

அடுத்த படி முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள். பள்ளி, கல்லூரி மாணவர்கள், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்கள், பொதுமக்கள் என ஐந்து பிரிவுகள் இருப்பதால், படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் எங்கள் பையன்களுக்கும் அதில் இடம் உண்டு. இந்தப் பொதுப் பிரிவை நான் மிகவும் பாராட்டுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு எந்தப் போட்டிக்கும் எளிதில் வாசல் திறப்பதில்லை. பதிவு இணையவழியில் நடப்பதால் கடைசி நாள்வரை காத்திருக்காமல், ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

உச்சியில் இருப்பவர்களுக்கான உதவியில் தமிழ்நாடு இன்று உண்மையிலேயே தாராளமாக இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் எலைட் திட்டத்தில் வீரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் வரையும், அடுத்த நிலையான மிம்ஸ் (சர்வதேசப் பதக்கங்களை இலக்காகக் கொண்ட) திட்டத்தில் 12 லட்சம் வரையும், வளரும் வீரர்களுக்கான சாம்பியன்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 4 லட்சம் வரையும் கிடைக்கும். 2023-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு, போட்டிப் பயணத்துக்கும் கருவிகளுக்கும் உதவி கேட்டு வீரர்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். அரசு வேலைவாய்ப்பில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடும் உள்ளது. எங்கள் ஊர்ப் பெற்றோரைக் கேட்டால், பதக்கத்தைவிட இந்த ஒதுக்கீட்டைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அது நியாயமான விசாரிப்பு. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டனில் மட்டும் தமிழ்நாட்டின் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகியோர் வெண்கலமும் வென்றதை எண்ணிப் பார்க்கையில், இந்தச் செலவில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

ஆனால் ஊராட்சிக்கு வந்த விளையாட்டுப் பைக்கும் அந்த 4 லட்சம் ரூபாய் உதவிக்கும் இடையில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அந்தப் படி பயிற்றுநர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா இருந்தார். மாநில அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கியது. அந்தக் குடியிருப்பில் பெண் பிள்ளைகளை நாள்தோறும் களத்தில் இறக்கிப் பயிற்சி கொடுத்தவர்கள் இருந்ததால்தான் அவர் அந்த மேடைக்கு வந்தார். எங்கள் ஒன்றியத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. ஸ்கிப்பிங் கேட்டு வந்த அந்த ஏழு பேரில் ஒருத்தி, வெறுங்காலில் ஓடியே பையன்களை முந்துகிறாள். அவளுடைய ஓட்டத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் இருக்கும் இடம் பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவு. மாவட்ட விளையாட்டரங்கப் பயிற்றுநர் ஒருவர் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஒன்றியத்துக்கு ஒரு மைதானம் என்று வந்து போனால், கையில் இருக்கும் இதே பையின் மதிப்பு பல மடங்கு கூடும்.

உங்கள் ஊராட்சியில் பை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தால், கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கேட்கும்போதே சாவி யாரிடம், எத்தனை மணிவரை என்பதையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் அடுத்த கூட்டத்தில் பயிற்றுநர் கோரிக்கையை வைக்கிறோம். அந்தப் பெண்ணின் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.