கூலிக்கு ஆள் வைத்துக் களை எடுப்பது: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு நீண்டநாள் அனுபவம்

வீட்டுத் தோட்டத்தில் களை எடுக்கக் கூலிக்கு ஆள் வைப்பதா, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரும் பராமரிப்புக் கம்பெனியிடம் விடுவதா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டையும் சில வருடம் வைத்துப் பார்த்துவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்த அன்று மாலை தோட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்து ஆளை எடை போடாதீர்கள். ஒரு நல்ல மழை பெய்து, பதினைந்து நாள் கழித்துப் பாருங்கள். அந்தக் கணக்கில், களைக்கொத்து பிடிக்கத் தெரிந்த ஒரு கைக்கு ஈடாக நான் இதுவரை எதையும் பார்க்கவில்லை.

எங்கள் வீடு ராயக்கோட்டை சாலைப் பக்கம். மாந்தோப்பாக இருந்த இடத்தை மனை போட்டு விற்றதில் வாங்கியது. 2019இல் குடிவந்தோம். வீடு போக இரண்டு சென்ட் சுமாருக்கு மண் மிச்சம். முன்பக்கம் ரோஜா, செம்பருத்தி, டேபிள் ரோஸ். பக்கவாட்டில் மல்லியும் கனகாம்பரமும். பின்னால் தக்காளி, கத்தரி, ஒரு கீரைப் பாத்தி. எல்லாம் செம்மண். காய்ந்துவிட்டால் கடப்பாரை கேட்கும், நனைந்திருந்தால் விரலுக்கே இளகும். மே மாதக் கோடை மழையில் தலைகாட்டும் களை, ஐப்பசி மழை முடியும்வரை ஓயாது. தோப்பாக இருந்த காலத்திலிருந்து மண்ணுக்குள் கிடந்த விதைகளும் கிழங்குகளும் இத்தனை என்று வீடு கட்டும்போது யாரும் சொல்லவில்லை.

முதலில் வைத்தது ஒரு பராமரிப்புக் கம்பெனி. பெயர் வேண்டாம். மாதம் இரண்டு முறை வருவார்கள். டீ-சர்ட் சீருடையில் இரண்டு பையன்கள், தோளில் புல் வெட்டும் பிரஷ் கட்டர் மெஷின். நான் காபி போட்டு எடுத்து வருவதற்குள் முன்பக்கம் மொட்டையாகிவிடும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கிளம்புவார்கள். அந்தப் போட்டோவில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

அடுத்த வாரம்தான் விஷயம் தெரியும். அருகும் கோரையும் வெட்ட வெட்டத் தழைக்கிற ஜாதி. அருகுக்கு மண்ணுக்கு மேலே ஓடுகிற கொடியும் உண்டு, கீழே ஓடுகிற தண்டும் உண்டு. துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் ஈரம் கிடைத்த கணு ஒவ்வொன்றும் தனிச் செடியாகிவிடும். கோரை இன்னும் கெட்டி. மேலே தெரிவது நாலைந்து இலைதான். கீழே மெல்லிய தண்டில் வரிசையாகக் கிழங்குகள். வரிசை அறுபடாமல் இருக்கும்வரை அவற்றில் பல முளைக்காமல் அடங்கிக் கிடக்கும். இலையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் தண்டு அறுந்து, தூங்கின கிழங்கெல்லாம் விழித்துக்கொள்ளும். ஒன்றைப் பிடுங்கினால் மூன்று வருகிறது என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

குறை சொன்னதும் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த வைத்தியம் களைக்கொல்லி மருந்து. நான் வீட்டில் இல்லாத ஒரு பிற்பகலில், காற்று அடிக்கிற நேரமாகப் பார்த்துத் தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். களை வாடியது உண்மை. கூடவே தக்காளி இலைகள் முறுக்கிக்கொண்டன, செம்பருத்திக் கொழுந்து சுருண்டது. என்ன மருந்து என்று கேட்டால், “ஒண்ணும் ஆகாது மேடம், ஆர்கானிக்தான்” என்றார்கள். ஆர்கானிக்கில் தக்காளி ஏன் முறுக்குகிறது என்றதற்குப் பதில் இல்லை. அகலிலைக் களைகளுக்கு அடிக்கும் டூ-ஃபோர்-டி வகை மருந்து காற்றில் பரவினால் தக்காளியும் பருத்தியும் இப்படித்தான் முறுக்கும். செம்பருத்தியும் பருத்தியின் குடும்பம்தான். கிளைபோசேட் என்கிற களைக்கொல்லி என்றால் சட்டமே இருக்கிறது: 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, பூச்சி ஒழிப்புத் தொழில் செய்பவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. வந்தவர் மருந்து டப்பாவைக் காட்டத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கீரைப் பாத்தி உள்ள வீட்டில் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

அப்புறம் வீட் மேட். கறுப்புத் துணியை விரித்து மேலே வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டினால் ஆயுசுக்கும் களை வராது என்றார்கள். ஒரு பாத்திக்கு மட்டும் போட்டுப் பார்த்தோம். முதல் வருடம் அழகாகத்தான் இருந்தது. பிறகு காற்றில் வந்த புழுதியும் மாஞ்சருகும் கல்லிடுக்கில் படிந்து மக்கி, அதன் மேலேயே அம்மான் பச்சரிசியும் புளியாரையும் முளைத்தன. வேர் துணியோடு பின்னிக்கொண்டதால் செடியைப் பிடுங்கினால் துணியும் எழுந்து வந்தது. கோரையோ கீழிருந்தே துணியைக் குத்திக்கொண்டு வந்தது. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக்கு மல்ச்சிங் ஷீட் (பாத்தியை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், மற்ற களை அடங்கும், கோரை மட்டும் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வந்து நிற்கும் என்பார்கள். அந்தக் கூழாங்கல்லை இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது வருகிற அக்கா பக்கத்துக் கிராமத்துக்காரர். கேழ்வரகு, நிலக்கடலைக் காடுகளில் களை எடுத்துப் பழகியவர். துணைக்குத் தன் ஓரகத்தியையும் கூட்டிவருவார். அவர்களுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். சாமான் என்று கொண்டுவருவது இரண்டு களைக்கொத்து, ஒரு சட்டி, உட்காரப் பழைய கோணிப்பை. அவ்வளவுதான்.

வந்த அன்றே நான் கவனித்தது, அவர் கோரையை இழுக்கவே இல்லை. இடது கையால் இலைகளை லேசாகச் சேர்த்துப் பிடித்தார். கொத்தின் மூக்கைத் தண்டுக்கு இரண்டு விரல் தள்ளிச் சாய்வாக இறக்கி, மண்ணை அடியிலிருந்து நெம்பினார். மண் பொலபொலவென்று விட்டதும் கொத்தைக் கீழே வைத்துவிட்டு விரலை உள்ளே விட்டார். வெள்ளைத் தண்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதன் போக்கிலேயே மண்ணை விலக்கிக்கொண்டு போனார். கறுப்பாக ஒரு கிழங்கு வந்தது. நிறுத்தவில்லை. அதிலிருந்து இன்னொரு தண்டு, இன்னொரு கிழங்கு. மூன்றாவது ரோஜா வேருக்கு அடியில் போய் அறுந்தது. மண்ணைத் துழாவி அதையும் எடுத்துச் சட்டியில் போட்ட பிறகுதான் நகர்ந்தார். “இத உட்டுட்டா அடுத்த மழைக்குக் குடும்பத்தோட வந்து நிக்கும் கண்ணு” என்றார்.

அந்தக் கிழங்கை உடைத்தால் ஒரு வாசனை வரும். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று விற்பதும் இதுதான். அதை உரக்குழியில் போட அக்கா விடமாட்டார். மாடியில் வெயிலில் பரப்பி, சுருங்கிக் கடகடவென்று ஆகும்வரை காயப்போடச் சொல்வார். உரக்குழியில் ஈரத்தோடு போட்டால், மறுபடி உரத்தோடு உரமாக அதே பாத்திக்குத்தான் போய்ச்சேரும்.

ஒரே தடவையில் கோரை ஒழிந்ததா என்றால், இல்லை. முதல் மழைக்காலம் முழுக்க வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் மெலிந்து வந்தது. முளைத்து மூன்று நான்கு வாரத்தில் கோரை புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். அதற்குள் எடுத்துவிட்டால் கிழங்கில் இருக்கும் சேமிப்பை மட்டும் தின்று தீர்க்கும். அதனால் மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விடுவதில்லை. இப்போது ரோஜாப் பாத்தியில் கோரை தேடினால்தான் கிடைக்கும். மதிலோரம் மட்டும் பக்கத்துக் காலி மனையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. மனைக்காரர் பெங்களூரில் இருக்கிறார். அவருக்குப் போட்டோ அனுப்பினால் கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வரும்.

கை வைத்து எடுப்பதில் இன்னொரு லாபம், எடுக்கிறவருக்குச் செடி தெரியும். பிரஷ் கட்டருக்கு எல்லாமே பச்சை. அக்காவின் மடியில் தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, பருப்புக்கீரை எல்லாம் தனித்தனியாகச் சேரும். கடைந்து கேழ்வரகுக் களிக்கு வைத்துக்கொண்டால் அன்றைக்குக் குழம்பு தேவையில்லை என்பார். எங்களுக்கும் ஒரு கைப்பிடி தருவார். குப்பைமேனியும் கீழாநெல்லியும் ஓரமாக இருந்தால் விட்டுவிடலாமா என்று கேட்பார். மூக்கிரட்டையின் வேர் கிழங்காக ஆழத்தில் இறங்கியிருக்கும், அதற்கு மட்டும் கடப்பாரை கேட்பார். மருந்தடித்த தோட்டத்தில் இந்தப் பேச்சு எதற்கும் இடமில்லை.

பார்த்தீனியத்துக்கு மட்டும் கையுறை. அதை நான் வாங்கி வைத்திருக்கிறேன். அரிப்பு, தோல் தடிப்பு, சிலருக்கு மூக்கில் நீர் வடிதல், மூச்சுத் தொந்தரவு என்று எல்லாவற்றையும் இழுத்துவிடும் செடி அது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும் என்பதால் பூத்த பிறகு பிடுங்குவது பாதி வேலைதான். சாமந்தி இலைச் சாயலில் தரையோடு படிந்து கிடக்கும்போதே, ஈர மண்ணில், ஆணிவேரோடு எடுத்துவிட வேண்டும்.

கூலிக் கணக்கு. கம்பெனிக்கு மாதம் 1,500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது காலை ஏழு முதல் ஒரு மணி வரை ஆளுக்கு 400 ரூபாய், டிபன், டீ. மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மற்ற மாதங்களில் அதைவிடக் குறைவு. வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் கம்பெனிக்குக் கொடுத்ததில் பாதிக்குச் சற்று மேலே வருகிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலியே 336 ரூபாய்தானே, அரை நாளுக்கு எதற்கு 400 என்று கேட்ட உறவினர் உண்டு. குத்துக்காலிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் சதுர அடிக் கணக்கில் மட்டும் பேசாதீர்கள். அப்படிப் பேசினால் யாராக இருந்தாலும் இலையைப் பிடுங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள், கிழங்கு உங்களுக்கு மிச்சம். மழை பெய்த மறுநாள் வரச் சொல்லுங்கள். மழை இல்லாவிட்டால் முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். காலையில் விட்டால் சேறாகிவிடும்.

குறைகளும் இருக்கின்றன. பெரிய குறை மாங்காய் சீசன். மே, ஜூன் மாதங்களில் மண்டிகளும் மாம்பழக் கூழ் தொழிற்சாலைகளும் ஆளை இழுத்துக்கொள்ளும். கோடை மழையில் களை கிளம்புவதும் சரியாக அப்போதுதான். போன் அடித்தால், “ஞாயித்துக்கெழம பாக்கலாம் கண்ணு” என்பார், அது எந்த ஞாயிறு என்று சொல்லமாட்டார். கம்பெனிக்காரர்கள் தேதி தவறியதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அடுத்தது சொட்டுநீர்க் குழாய். கொத்து பட்டு லேட்டரல், அதாவது பாத்திக்குள் ஓடும் மெல்லிய குழாய், ஓட்டையாவது சகஜம். மண்ணுக்குள் மூடாமல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேலே போட்ட பிறகு குறைந்தது. கடைசியாக, டேபிள் ரோஸ். தட்டை இலையுள்ள ரகம் ஒன்று ஆசையாக வாங்கி நட்டிருந்தேன். பூ இல்லாத நேரத்தில் அதற்கும் பருப்புக்கீரைக்கும் எனக்கே வித்தியாசம் தெரியாது, இரண்டும் நெருங்கிய உறவு. ஒரு நாள் மாலை பார்த்தால் பாத்தி காலி. கீரையோடு கீரையாக அவர் வீட்டுச் சட்டிக்குப் போயிருக்கும். நான் கேட்கவில்லை. இப்போது பூச்செடிகளைச் சுற்றி உடைந்த ஓடு ஊன்றி வைக்கிறேன். ஓட்டுக்கு உள்ளே கை வைப்பதானால் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் வைப்பார்.

ஆள் வைப்பதற்கு முன் செய்து வைத்தால் கூலி குறைகிற சில வேலைகள் உண்டு. பாத்தியின் அகலம் நாலு அடியைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் நடுவில் எட்டாது, உள்ளே இறங்கி மிதிப்பார்கள், மண் இறுகும். லோடு மண் வாங்கும்போது எந்த இடத்து மண் என்று கேளுங்கள். ஏரியோரமோ ரோட்டோரமோ அள்ளின மண்ணோடு பார்த்தீனியமும் கோரையும் இலவசமாக வந்துசேரும். மக்காத தொழுவுரமும் அப்படித்தான், மாடு தின்ற விதையெல்லாம் அதில் உயிரோடு இருக்கும். களை எடுத்த கையோடு மூடாக்குப் போடுவது நல்ல பலன் தருகிறது. எங்களுக்கு மாஞ்சருகும் கடலைத்தோலும் சும்மாவே கிடைக்கின்றன. இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போடுவதில்லை. கனமாகப் போட்டால் இந்தச் செம்மண்ணில் கரையான் ஏறிவிடுகிறது. செடியின் தண்டை ஒட்டியும் போடாதீர்கள்.

பெரிய புல்தரை வைத்திருப்பவர்களுக்கு இது சரிவராது. அங்கே மெஷின் வேண்டும். நாலைந்து பாத்தி, கொஞ்சம் பூ, கொஞ்சம் காய் என்று இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வது பொருந்தும். இந்த வருடம் சீசன் தொடங்குவதற்கு முன், சித்திரைத் தொடக்கத்திலேயே கூடுதலாக ஒரு நாள் வந்துபோக அக்காவிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். கோரைக்கு ஆகுமாறு நீள மூக்குள்ள கொத்து ஒன்றும் சந்தையில் எனக்காக வாங்கி வந்திருக்கிறார். ஜூன் முடியும்வரை மதிலோரம் என் பொறுப்பாம்.