நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு ஆண்டு பாஸா, ஒருநாள் டிக்கெட்டா?

ஒருநாள் டிக்கெட்டில் ஒரு நிம்மதி, போகாவிட்டால் நஷ்டமில்லை. ஆனால் போய்விட்டால் கொடுத்த காசுக்கு எல்லாச் சறுக்கிலும் ஏறியாக வேண்டுமே! கேட் திறந்ததிலிருந்து ஈரத்துண்டும் கையுமாக வரிசையில் நிற்க வேண்டியதுதான். முழுப்பரீட்சை லீவு ஞாயிறென்றால் அலைக்குளத்தில் அலையைவிடத் தலைதான் அதிகம் தெரியும்.

பாஸ் வைத்திருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை. கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை போய் ரெண்டு ரைடு ஏறிவிட்டு வரலாம். அதற்கு வீடு பக்கத்தில் இருக்கணும். மதுரை திண்டுக்கல் ரோட்டில் பரவை அதிசயம் பூங்கா மாதிரி இடத்துக்கு விளாங்குடிக்காரர் நினைத்தால் போவார். உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடிப்பவருக்கு அது கட்டுமா?

பாஸ் மலிவானால் பூங்காவுக்கும் தலைவலிதான். உள்ளூர்க் கூட்டம் மொய்க்கும், முழுக்காசு கொடுத்த வெளியூர்க்காரர் முகம் சுளிப்பார். கலிபோர்னியா டிஸ்னிலேண்ட் பழைய ஆண்டு பாஸை 2021 ஜனவரியில் நிறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த புதுப் பாஸில், வரும் நாளை முன்பதிவு செய்தால்தான் அனுமதி. மலிவான பாஸுக்கு, அது செல்லாத தடைநாட்களும் அதிகம்.

பாஸ் விலையை டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். மூன்று வந்தால், விடுமுறை நாட்களைச் சேர்க்காமல் மூன்று தடவைக்கு மேல் போவீர்களா? அப்படியென்றால் பாஸ். சித்திரைத் திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு எப்படியும் தனி டிக்கெட்தான்.