பஸ், ரயில், படகு மூன்றுக்கும் ஒரே கட்டணமுறை: பயண அட்டையா, வங்கி கார்டா, கியூஆர் கோடா?

பஸ்ஸை ஒரு நிறுவனம் ஓட்டும், ரயிலை இன்னொன்று, படகை மூன்றாவது ஒன்று. பயணிக்கோ அது ஒரே பயணம். மூன்று இடத்தில் மூன்று டிக்கெட் வாங்காமல் போய்ச் சேர இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: பணம் ஏற்றி வைக்கும் பயண அட்டை, ஏற்கெனவே பர்ஸில் இருக்கும் வங்கி கார்டு, செல்போன் திரையில் கியூஆர் கோடு. எது நல்லது என்று முடிவு செய்ய நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். பயணியின் பணம் எங்கே இருக்கிறது? கட்டணத்தைக் கணக்குப் போடுவது நுழைவாயில் கேட்டில் உள்ள ரீடரா (கார்டைப் படிக்கும் கருவி), தொலைவில் இருக்கும் சர்வரா (மையக் கணினி)?

பயண அட்டைகளில் மூத்தவற்றில் ஒன்று ஹாங்காங்கின் ஆக்டோபஸ். 1997 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பணம் கார்டின் சிப்பிலேயே இருக்கும். ரீடர் அதைப் படித்து, கட்டணத்தைக் கழித்து, மிச்சத்தைத் திரும்பச் சிப்பில் எழுதிவிடும். சர்வரைக் கூப்பிட வேண்டியதில்லை என்பதால் சுரங்கத்திலும் ஓடும் பஸ்ஸிலும் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. ஆக்டோபஸும் ஜப்பானின் சூயிகா அட்டையும் சோனியின் ஃபெலிகா சிப்பில் இயங்குபவை. ஜப்பானிய ரயில் நிலையங்களில் இந்த வகை கார்டு 0.2 நொடிக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பது கணக்கு. லண்டன் வங்கி கார்டுக்கு வைத்த வரம்பு அரை நொடி. கேட்பதற்கு அற்ப வித்தியாசம்தான். காலை எட்டரை மணிக் கூட்டத்தில் ஒரே கேட்டில் நிமிடத்துக்கு 60 பேர் போக வேண்டும் என்றால் அது அற்பமில்லை.

ஆக்டோபஸ் வென்றதற்குச் சிப்பைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை நடத்தும் நிறுவனத்தை ரயில், பஸ், படகு நிறுவனங்களே கூட்டாகத் தொடங்கின. கார்டு ஓடினால் எல்லோருக்கும் லாபம், நின்றால் எல்லோருக்கும் நஷ்டம்.

சரி, பலவீனம் எங்கே? கணக்குப் போடுவது கேட் என்பதால் கட்டண அட்டவணை முழுவதும் ஒவ்வொரு ரீடருக்குள்ளும் இருக்க வேண்டும். ஒரு சலுகையை மாற்றினால்கூட ஆயிரக்கணக்கான ரீடர்களைத் தொட வேண்டும். ஜப்பானில் 2013-ல் பத்து வட்டார அட்டைகள் ஒன்றுக்கொன்று செல்லுபடியாகும்படி இணைக்கப்பட்டன. பெரிய சாதனைதான், ஆனாலும் டோக்கியோ வட்டாரத்தில் உள்ளே போய் நகோயா வட்டாரத்தில் அதே அட்டையை ரீடரில் தட்டி ஒரே பயணமாக வெளியே வர முடியாது. செலவும் கடிக்கிறது. குமாமோட்டோவில் ஐந்து பஸ், ரயில் நிறுவனங்கள் ரீடர்களைப் புதுப்பிக்கும் செலவைப் பார்த்துவிட்டு, 2024 நவம்பரில் அந்த நாடு தழுவிய இணைப்பிலிருந்தே விலகின. உள்ளூர் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு வங்கி கார்டுக்கு மாறிவிட்டன.

வங்கி கார்டு வழியில் லண்டன்தான் முன்னோடி. 2012 டிசம்பரில் பஸ்களில் தொடங்கி, 2014 செப்டம்பரில் சுரங்க ரயிலுக்கும் வந்தது. இங்கே கார்டு வெறும் அடையாளம். எங்கே, எப்போது தட்டினீர்கள் என்பது மட்டும் சர்வருக்குப் போகும். நாள் முடிந்ததும் தட்டல்களைக் கோத்துப் பயணங்களாக்கி, ஒரு நாளுக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்ற உச்சவரம்பைப் பார்த்து ஒரே தொகையாகப் பிடித்துக்கொள்ளும். மூளை ஓரிடத்தில் இருப்பதால் விதிகளை மாற்றுவது சுலபம். வாராந்திர உச்சவரம்பு வங்கி கார்டுக்கு 2014-லேயே கிடைத்தது. 2003-ல் வந்த லண்டனின் சொந்தப் பயண அட்டையான ஆய்ஸ்டருக்கு அதே வசதி கிடைக்க 2021 ஆனது. வெளியூரிலிருந்து வருபவர் எதையும் வாங்காமல் நேரே கேட்டுக்குப் போகலாம் என்பது கூடுதல் வசதி.

ஆனால் பொடி எழுத்தில் சில சங்கதிகள் உண்டு. ஒரே வங்கி கார்டை போனிலும் ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். போனுக்கென்று தனி எண் உண்டு. போனைத் தட்டி உள்ளே போய், பிளாஸ்டிக் கார்டைத் தட்டி வெளியே வந்தால் சர்வருக்கு அது இரண்டு ஆட்கள், இரண்டு அரைகுறைப் பயணங்கள். இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். அப்புறம், ஒரு கார்டில் ஒருவர்தான் போகலாம். குழந்தைகள், வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் எல்லாம் வெளியே நிற்பார்கள்.

இன்னொன்றைச் சிங்கப்பூர் கற்றுக்கொண்டது. 2024 ஜனவரி 9 அன்று, சிப்பில் பணம் வைக்கும் பழைய பெரியவர் அட்டைகளை ஜூன் முதல் நிறுத்திவிட்டு அவற்றை வைத்திருப்பவர்களைச் சர்வர் வழிக் கணக்குக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். புது முறையில் கேட்டைத் தாண்டும்போது எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு மிச்சம் என்று திரையில் வராது. செயலியில்தான் பார்க்க வேண்டும். சர்வரிடம் கேட்டுக் காட்டினால் சில நொடிகள் ஆகும், வரிசை நீளும் என்றார்கள். மக்கள் விடவில்லை. அதே மாதம் 22-ஆம் தேதி முடிவைத் திரும்பப் பெற்று, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாக ஒதுக்கினார்கள். எண்ணிச் செலவு செய்பவருக்கு அந்தச் சின்னத் திரையில் வரும் இருப்புத்தொகை அலங்காரமல்ல. திட்டம் போட்டவர்கள் அதை யோசித்திருக்க வேண்டும்.

கியூஆர் கோடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிறுவனத்துக்குச் செலவு குறைவு, பத்து பஸ் வைத்திருப்பவர்கூட நாளையே தொடங்கலாம். ஆனால் கேட்டில் மெதுவானது இதுதான்: திரை மங்கலாக இருந்தால் படிக்காது, சார்ஜ் போனால் டிக்கெட்டும் போச்சு. ஸ்கிரீன்ஷாட் மோசடியைத் தடுக்கக் கோடை அடிக்கடி மாற்ற வேண்டும். 'எல்லாப் போக்குவரத்தும் ஒரே செயலியில்' என்று வருபவை பலவும் மூன்று டிக்கெட்டுகளை ஒரே பையில் போட்டுத் தருபவையே. கேட்டே இல்லாத இடத்தில் போன் ஜொலிக்கும். சுவிட்சர்லாந்தில் ஃபேர்டிக் செயலியில் ஏறும்போது திரையில் விரலால் ஒரு தள்ளு, இறங்கியதும் ஒரு தள்ளு. வந்த வழியை இருப்பிடத் தகவலை வைத்துக் கண்டுபிடித்துக் கட்டணம் போட்டுவிடும். பல நிறுவனங்களுக்கும் பொதுவான கட்டண அமைப்பு அங்கே ஏற்கெனவே இருந்ததால்தான் இது சாத்தியமானது.

மூன்று வழிக்கும் அடியில் கிடக்கும் பிரச்சினையும் இந்தப் பொதுக் கட்டணம்தான். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இருபதுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு கிளிப்பர் என்ற ஒரே அட்டை இருந்தும், நிறுவனம் மாறினால் பல இடங்களில் புதுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஹாம்பர்க்கிலோ 1965-லேயே முக்கிய நிறுவனங்கள் ஒரே கூட்டமைப்பில் சேர்ந்து, பிறகு ஒரே கட்டணத்துக்கு வந்தன. அன்று இருந்தது காகித டிக்கெட். மாறி ஏறும் பயணிக்குத் தள்ளுபடி கொடுத்தால் அந்த இழப்பு பஸ்காரருடையதா, ரயில்காரருடையதா? இந்தப் பேரத்தை எந்தச் சிப்பும் முடித்துவைக்காது.

புதிதாகத் தொடங்கும் வட்டாரத்துக்கு என் ஓட்டு சர்வர் வழிக் கணக்குக்கே. வங்கி கார்டோடு, கடையில் ரொக்கம் கொடுத்துப் பணம் ஏற்றக்கூடிய சொந்த அட்டை ஒன்றையும் அதே ரீடர் ஏற்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் இருப்பு பார்க்க ஒரு திரை வேண்டும். கியூஆரைச் சிறு பஸ் நிறுவனங்களுக்கும் எப்போதாவது வருபவர்களுக்கும் விட்டுவிடலாம். வருவாயை எப்படிப் பிரிப்பது என்ற ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ரீடருக்கு டெண்டர் விட்டால் போதும்.